பதினைந்தாயிரம் பாட்: தாய்லாந்தின் நெல் அடமானத் திட்டம், 2011–2014

2014 பிப்ரவரியில் தாய்லாந்தின் லட்சக்கணக்கான உழவர் வீடுகளில் விளைந்த நெல்லும் இல்லை, விற்ற பணமும் இல்லை. ஒரு சீட்டு மட்டும் இருந்தது. அரவை ஆலையில் நெல்லை இறக்கியபோது எடையையும் ஈரப்பதத்தையும் குறித்துக் கொடுத்த அத்தாட்சிச் சீட்டு அது. தாய்லாந்து மொழியில் அதற்கு ‘பாய் பிரதுவன்’ என்று பெயர். வேளாண் வங்கியில் அதைக் கொடுத்தால் சில நாட்களில் பணம் வந்துவிட வேண்டும். அந்தப் பருவத்தில் நான்கு மாதங்கள் கழிந்தும் வரவில்லை. அரசு வைத்திருந்த பாக்கி, தாய்லாந்தின் நாணயமான பாட் கணக்கில், சுமார் 13,000 கோடி.

இரண்டரை ஆண்டுகளுக்கு முன்னர் அதே அரசுதான் சந்தை விலையைவிட நாற்பது, ஐம்பது சதவீதம் கூடுதலாகக் கொடுத்து, வருகிற நெல்லையெல்லாம் வாங்கிக்கொள்வதாக அறிவித்தது. அவ்வளவு தாராளமாகத் தொடங்கிய திட்டம் இப்படி வந்து நின்றது ஏன் என்பதே இந்த ஆய்வின் கேள்வி. இதை ஊழல் கதையாக மட்டும் சொல்லிவிட்டு நகர்பவர்கள் உண்டு. ஊழல் நடந்தது உண்மை, நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனால் ஒரு காசுகூடக் களவு போகாமல் இருந்திருந்தாலும் இந்தத் திட்டம் முறிந்திருக்கும் என்று நான் கருதுகிறேன். உழவருக்குத் தேவைப்பட்டது உரிய நேரத்தில் பணம். அரசு அந்தப் பணத்தைக் கொடுப்பதற்காக நெல்லைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டது. முறிவு அங்கேதான் தொடங்கியது.

ஒரு நாட்டில் இரண்டு நெல் உழவு

தாய்லாந்தில் நெல் பயிரிடும் குடும்பங்கள் நாற்பது லட்சத்தை ஒட்டி இருக்கும். ஆனால் ‘தாய்லாந்து உழவர்’ என்று ஒருவரை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கதையைப் புரிந்துகொள்ள முடியாது.

சாவ் பிரயா ஆற்றுப் படுகையான மத்தியச் சமவெளியில் பூமிபோல், சிரிகிட் அணைகளின் நீர் பாய்கிறது. அங்கே ஆண்டுக்கு இரண்டு போகம், சில இடங்களில் மூன்று. அறுவடை இயந்திரம் வயலில் இறங்கினால் அன்றே நெல் லாரியில் ஏறி ஆலைக்குப் போய்விடும். உழவர் வீட்டுக் களத்தை அந்த நெல் பார்ப்பதே இல்லை. சாப்பிடும் அரிசியைக்கூடப் பலர் கடையில்தான் வாங்குகிறார்கள். நிலம் பெரும்பாலும் பெரியது. அதில் கணிசமான பங்கு குத்தகை.

வடகிழக்கில் இருக்கும் இசான் பகுதி வேறு உலகம். மழையை நம்பிய ஒரே போகம், மணற்பாங்கான மண், குறைந்த விளைச்சல். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒட்டும் அரிசி, விற்பனைக்கு ஹோம் மாலி என்னும் மணமுள்ள மல்லிகை அரிசி. நாட்டின் நெல் உழவர்களில் பெரும்பகுதியினரும், ஏழை உழவர்களில் பெரும்பகுதியினரும் இங்கேதான் இருக்கிறார்கள். தாய்லாந்தின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு 3 டன் அளவிலும் வியட்நாமின் சராசரி 5.5 டன் அளவிலும் இருப்பதற்கு இசானின் வானம் பார்த்த பூமி ஒரு முக்கியக் காரணம்.

நெல்லுக்கு விலை உயர்த்தித் தருவது என்று அரசு முடிவெடுக்கும்போது இந்த இரண்டு குடும்பங்களுக்கும் ஒரே அளவு நன்மை போய்ச் சேராது. இந்த வேறுபாட்டைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன்.

அடமானம் கொள்முதலாக மாறியது

நெல்லை அடமானம் வைக்கும் ஏற்பாடு தாய்லாந்தில் 1980களின் தொடக்கத்திலேயே இருந்தது. அறுவடைக் காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பதால் விலை சரியும். அந்த நேரத்தில் நெல்லை ஈடாக வைத்து, சந்தை மதிப்பில் எண்பது, தொண்ணூறு சதவீதம் கடனாகப் பெறலாம். சில மாதங்களில் விலை ஏறினால் கடனைக் கட்டி நெல்லை மீட்டு விற்றுக்கொள்ளலாம். விலை ஏறாவிட்டால் நெல்லை அப்படியே விட்டுவிடலாம். உழவருக்குக் காத்திருக்கும் வசதியை வாங்கித் தருவதுதான் இதன் நோக்கம். நல்ல நோக்கம், அடக்கமான செலவு.

தக்சின் ஷினவத்ரா 2001இல் பிரதமரான பிறகு அடமான விலை சந்தை விலையை எட்டி, அதைத் தாண்டவும் தொடங்கியது. பின்னர் வந்த அபிசித் வெஜ்ஜாஜிவா அரசு இந்த முறையைக் கைவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்தது. உழவர் தன் நெல்லைச் சந்தையில் விற்றுக்கொள்ளலாம், அரசு குறித்த விலைக்கும் சந்தை விலைக்கும் இடையிலான வித்தியாசம் மட்டும் வங்கிக் கணக்குக்கு வரும். அரசு ஒரு மூட்டையைக்கூடத் தொடவில்லை. பயிரிடாத நிலத்தையும் பதிந்து பணம் பெற்றார்கள் என்ற புகார் அதன்மீதும் இருந்தது. ஆனாலும் கிடங்கு கட்டும் வேலை அரசுக்கு வரவில்லை.

2011 ஜூலை தேர்தலில் தக்சினின் தங்கை யிங்லக் ஷினவத்ரா தலைமையிலான ஃபியூ தாய் கட்சி வென்றது. வாக்குறுதி எளிமையானது. சாதாரண வெள்ளை நெல் டன்னுக்கு 15,000 பாட், ஹோம் மாலிக்கு 20,000 பாட், அளவு உச்சவரம்பு கிடையாது. அக்டோபர் 7ஆம் தேதி திட்டம் தொடங்கியது. பெயர் அடமானம் என்றே நீடித்தது. ஆனால் நகையின் மதிப்பைப் போல ஒன்றரை மடங்கு பணம் தரும் அடகுக் கடை ஒன்று இருந்தால் நகையை மீட்க யார் வருவார்கள்? நெல்லை மீட்க எவரும் வரவில்லை. அடமானம் அன்றைக்கே கொள்முதலாகிவிட்டது.

அறிவித்த விலையும் கைக்கு வந்த விலையும்

15,000 பாட் என்பது 15 சதவீத ஈரப்பதம் உள்ள நெல்லுக்கான விலை. இயந்திரத்தால் அறுத்து அன்றே ஆலைக்குப் போகும் நெல்லில் ஈரம் 25 சதவீதம் இருப்பது இயல்பு. அந்த ஒரு டன்னை 15 சதவீதத்துக்கு உலர்த்தினால் 882 கிலோதான் மிஞ்சும். அதன் விலை 13,235 பாட். பதர், தூசிக்கான கழிவும் ஆலையின் எடைக்கல்லும் இதற்கு மேல். மத்தியச் சமவெளி உழவர்கள் பலரின் கைக்கு வந்தது பதினோராயிரத்திலிருந்து பதின்மூவாயிரம் வரைதான். உலர்த்தும் களம் வைத்திருந்தவருக்கு முழு விலை, இல்லாதவருக்குக் குறைந்த விலை. இசானில் கையால் அறுத்துக் கதிரோடு வெயிலில் காயவைத்தவர்களுக்கு இந்த இழப்பு குறைவாக இருந்திருக்கும்.

ஆயினும் அப்போதைய சந்தையோடு ஒப்பிட்டால் அந்தப் பணம் பெரிதுதான். அதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். பல குடும்பங்கள் பழைய கடனை அடைத்தன, வீட்டைச் செப்பனிட்டன, உழவு இயந்திரம் வாங்கின. பிற்பாடு எழுந்த ‘நட்டம்’ என்ற பேச்சில் ஒரு பகுதி, உழவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த இந்தப் பணம்தான். நட்டக் கணக்கைப் படிக்கும் எவரும் முதலில் அந்தப் பகுதியைத் தனியே பிரித்து வைக்க வேண்டும்.

உலகம் காத்திருக்கவில்லை

இத்தனை விலை கொடுத்து வாங்கிய அரிசியை அரசு எப்படி விற்க நினைத்தது? இங்கேதான் திட்டத்தின் பெரிய பந்தயம் இருக்கிறது. தாய்லாந்து அப்போது உலகின் முதல் அரிசி ஏற்றுமதியாளர். 2011இல் அனுப்பியது ஒரு கோடி டன்னுக்கும் மேல். உலகில் விளையும் அரிசியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே எல்லை தாண்டி விற்கப்படுகிறது. அந்தச் சிறிய சந்தையில் ஏறத்தாழ முப்பது சதவீதம் வைத்திருப்பவர் கையை மூடிக்கொண்டால் விலை ஏறித்தானே ஆக வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

2008ஆம் ஆண்டின் நினைவு இந்த நம்பிக்கைக்குப் பின்னால் இருந்தது. அப்போது இந்தியாவும் வியட்நாமும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் தாய்லாந்து அரிசியின் விலை சில மாதங்களில் ஏறத்தாழ மூன்று மடங்காகி டன்னுக்கு ஆயிரம் டாலரைத் தொட்டது. ஆனால் அன்று பல நாடுகள் ஒரே நேரத்தில் கதவை மூடின. 2011இல் கதவை மூடியது தாய்லாந்து மட்டும். அதே ஆண்டு செப்டம்பரில் இந்தியா பாஸ்மதி அல்லாத அரிசியின் ஏற்றுமதித் தடையை நீக்கியது. இந்தியக் கிடங்குகளில் அரிசி நிரம்பியிருந்தது.

விலைக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பந்தயத்தின் கனம் தெரியும். நூறு கிலோ நெல்லை அரைத்தால் நொய்யும் சேர்த்து 65 கிலோ அளவுக்கு அரிசி கிடைக்கும். ஒரு டன் நெல் 15,000 பாட் என்றால், ஒரு டன் அரிசிக்கான நெல்லின் விலை மட்டும் 23,000 பாட். டாலருக்கு 31 பாட் என்று அன்று இருந்த மதிப்பில் ஏறத்தாழ 740 டாலர். தவிடும் உமியும் கொஞ்சம் ஈடுகட்டும். ஆனால் அரவைக் கூலி, சாக்கு, கிடங்கு வாடகை, வட்டி எல்லாம் அதற்கு மேல் வரும். அதே காலத்தில் வியட்நாமும் இந்தியாவும் 400, 450 டாலருக்கு அரிசி விற்றுக்கொண்டிருந்தன. வாங்குபவர் யாரிடம் போவார்?

2012இல் தாய்லாந்தின் ஏற்றுமதி 70 லட்சம் டன்னுக்குக் கீழே இறங்கியது. இந்தியா ஒரு கோடி டன் அளவில் முதலிடத்துக்கு வந்தது, வியட்நாம் இரண்டாமிடம். பல பத்தாண்டுகளாகச் சேர்த்த வாடிக்கையாளர்கள் ஓராண்டுக்குள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. தாய்லாந்தின் கிடங்குகளில் எவ்வளவு இருக்கிறது என்பதை அரசு மறைத்தது. ஆனால் நிறைய இருக்கிறது என்பதும், அதை என்றாவது ஒருநாள் விற்றே தீர வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்த நாளுக்காக வாங்குபவர்கள் காத்திருந்தார்கள். சந்தைக்கு வராமல் கிடங்கில் கிடந்த அரிசியே விலையை அழுத்திக்கொண்டிருந்தது.

கிடங்கு

பெட்ரோலியத்தை நிலத்துக்கடியிலேயே விட்டுவைக்கலாம். அரிசிக்கு அந்த வசதி இல்லை. அரைத்த அரிசி நாளாக ஆக மஞ்சளடிக்கும், வண்டும் அந்தும் பிடிக்கும். புகைமூட்டம் போட வேண்டும், சாக்கை மாற்றி அடுக்க வேண்டும். பழைய அரிசியை விரும்பிச் சமைப்பவர்கள் உண்டு. ஆனால் ஹோம் மாலிக்குக் கூடுதல் விலை கிடைப்பதே அதன் மணத்துக்காக. அந்த மணம் கிடங்கில் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே போகும். 20,000 பாட் கொடுத்து வாங்கிய மல்லிகை அரிசி, மணம் போன பிறகு வெறும் வெள்ளை அரிசி.

வயலிலும் மாற்றம் வந்தது. எடைக்குத்தான் காசு, எவ்வளவு கொண்டுவந்தாலும் வாங்குவார்கள் என்றால் உழவர் என்ன செய்வார்? தரத்தைப் பார்க்காமல் குறுகிய காலத்தில் விளையும் ரகங்களை விதைத்து, போகத்தின் எண்ணிக்கையைக் கூட்டுவார். அதில் தவறேதும் இல்லை. விலைப் பலகை சொன்னதைத்தான் அவர் செய்தார். பின்னர் அரசு சில குறுகிய கால ரகங்களைத் திட்டத்திலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. எல்லைக்கு அப்பாலிருந்து, குறிப்பாகக் கம்போடியாவிலிருந்து, மலிவான நெல் உள்ளே வந்து தாய்லாந்து நெல்லாகப் பதிவானது என்ற செய்திகளும் தொடர்ந்தன.

ஐந்து பருவங்களில் அரசு வாங்கியது சுமார் 5.4 கோடி டன் நெல். ஆலைகள் அரவைத் திறனைக் கூட்டிக்கொண்டன. காலியாகக் கிடந்த கட்டடங்களெல்லாம் அரிசிக் கிடங்குகளாயின. சந்தையில் தனியார் வணிகர் செய்துவந்த உலர்த்துதல், சேமிப்பு, தரம் பிரித்தல், வாடிக்கையாளரைத் தேடுதல் ஆகிய வேலைகளை அரசு ஒட்டுமொத்தமாக ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு கையெழுத்து, ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு வாய்ப்பு. வேறு அரசுகளுக்கு விற்றதாகக் காட்டி, உள்நாட்டு வணிகருக்கே மலிவாக அரிசியைத் திருப்பிவிட்ட போலி ஒப்பந்தங்கள் இப்படித்தான் நடந்தன. அந்த வழக்கில் முன்னாள் வணிக அமைச்சர் பூன்சோங் தெரியாபிரோமுக்கு 2017 ஆகஸ்டில் 42 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

டன்னுக்குத் தரும் உதவி யாருக்குப் போகிறது

இசான் குடும்பத்துக்கும் சமவெளிக் குடும்பத்துக்கும் இப்போது திரும்புவோம். விளங்கிக்கொள்வதற்காக ஒரு மாதிரிக் கணக்கு. தாய்லாந்தில் நிலத்தை ராய் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு ராய் 1,600 சதுர மீட்டர், ஏறத்தாழ 40 சென்ட்.

இசானில் 15 ராய் வைத்திருக்கும் குடும்பம், ராய்க்கு 350 கிலோ விளைச்சல் என்றால், ஐந்தேகால் டன் எடுக்கும். இரண்டேகால் டன் சாப்பாட்டுக்கும் விதைக்கும் போக விற்பது மூன்று டன். திட்டத்தால் டன்னுக்கு 5,000 பாட் கூடுதலாகக் கிடைத்தது என்று வைத்துக்கொண்டால் அந்தக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15,000 பாட் வரும். சமவெளியில் 40 ராயில் இரண்டு போகம், போகத்துக்கு ராய்க்கு 700 கிலோ எடுக்கும் குடும்பம் விற்பது 56 டன். அவர்களுக்கு 2,80,000 பாட். பத்தொன்பது மடங்கு வித்தியாசம். விற்க மிச்சமில்லாமல் வீட்டுக்கே விளைவிக்கும் குடும்பத்துக்கோ ஒன்றும் கிடையாது. வறுமையை ஒழிக்கும் திட்டம் என்று இதைச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

சமவெளிக் குடும்பத்தின் கணக்கும் முழுதாக நிற்பதில்லை. நெல் விலை ஏறினால் நிலத்துக்காரர் குத்தகையை ஏற்றுவார். உரக்கடைக்காரரும் அறுவடை இயந்திரக்காரரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்ற நம் பழமொழி எந்த ஊர் வயலுக்கும் பொருந்தும். விலை உயரும்போது உழவரிடம் நிற்பது எவ்வளவு, நிலத்துக்கும் இடுபொருளுக்கும் கசிவது எவ்வளவு என்பதைக் கேட்காமல் நெல் விலையைப் பற்றிப் பேசுவதில் பாதிப் பேச்சு வீண். வியட்நாம் உழவர் அதே காலத்தில் குறைந்த விலைக்கு விற்றும் தாக்குப்பிடித்தார் என்றால், ஒரு ஹெக்டேரில் அவர் எடுத்த விளைச்சல் அதற்கு ஒரு காரணம். தாய்லாந்து அரசு கிடங்கில் கொட்டிய பணத்தில் ஒரு சிறு பங்கு இசானின் நீர்ப்பாசனத்துக்குப் போயிருந்தால் என்று நினைக்கும்போது நெஞ்சு வலிக்கிறது.

பணம் நின்றது

முதல் ஆண்டின் நட்டம் மட்டும் 13,600 கோடி பாட் என்பது 2013 ஜூனில் வெளிவந்தது. கடன் தர மதிப்பீட்டு நிறுவனமான மூடிஸ் எச்சரித்தது. அரசு விலையை 12,000 பாட்டாகக் குறைத்து, ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் பாட் என்ற உச்சவரம்பையும் அறிவித்தது. உழவர்கள் போராடினார்கள். இரண்டு வாரத்துக்குள் விலை பழையபடி 15,000க்குத் திரும்பியது. திட்டத்தைச் சீர்செய்ய இருந்த கடைசி வாய்ப்பு அதுவாகத்தான் இருக்கும். 

திட்டம் சுழற்சியில் ஓட வேண்டியது. விற்ற அரிசியின் பணத்தில் அடுத்த பருவத்து நெல்லை வாங்க வேண்டும். அரிசி விற்கவில்லை, எனவே புதிய கடன். அதே நேரத்தில் பாங்காக்கில் அரசுக்கு எதிரான போராட்டம் வலுத்தது. 2013 டிசம்பர் 9ஆம் தேதி யிங்லக் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். அடுத்த அரசைக் கட்டுப்படுத்தும் புதிய கடனைக் காபந்து அரசு வாங்க அரசியல் சட்டத்தில் தடை இருந்தது. அந்தப் பருவத்து நெல் முழுவதும் ஆலைகளுக்குப் போய்விட்ட பிறகு பணத்தின் ஊற்று அடைபட்டது.

2014 பிப்ரவரியில் அரசு சேமிப்பு வங்கி, வேளாண் வங்கிக்குக் கடன் கொடுத்தது. அது நெல் திட்டத்துக்குத்தான் போகிறது என்று கோபமடைந்த நகரத்து வாடிக்கையாளர்கள் பிப்ரவரி 17ஆம் தேதி ஒரே நாளில் சுமார் 3,000 கோடி பாட்டை எடுத்துவிட்டார்கள். வங்கித் தலைவர் பதவி விலகினார், கடன் நிறுத்தப்பட்டது. சீனாவுக்கு 12 லட்சம் டன் விற்கும் பேச்சும் அதே மாதத்தில் முறிந்தது. உழவர்கள் தங்கள் பண்ணை வண்டிகளில் தலைநகரை நோக்கி வந்தார்கள். அடுத்த நடவுக்கு விதையும் உரமும் வாங்க வெளிவட்டிக்குக் கடன் வாங்கினார்கள். உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகளும் வந்தன. சந்தை விலை பத்தாயிரத்துக்கும் கீழே கிடந்த அந்த நாட்களில், ரொக்கமாக வரும் எட்டாயிரமே சீட்டாக இருக்கும் பதினைந்தாயிரத்தைவிட ஒரு உழவருக்குப் பெரிய தொகை. நெல் உழவின் பொருளாதாரத்தில் விலையைப் போலவே நாளும் ஒரு சரக்கு. அதை இந்தத் திட்டத்தை வரைந்தவர்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை.

மே 22ஆம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சில வாரங்களில் பாக்கித் தொகை பட்டுவாடா செய்யப்பட்டது. மக்கள் தேர்ந்தெடுத்த அரசு தர முடியாமல் போன பணத்தைத் துப்பாக்கியோடு வந்தவர்கள் கொடுத்தார்கள். அதனால் உழவர் பலரின் நன்றி யாருக்குப் போயிற்று என்பது இந்த நிகழ்வின் மிகக் கசப்பான பகுதி.

அதன் பிறகு

கையிருப்பில் இருந்த அரிசி 1.7 கோடி டன்னுக்கும் மேல். சில ஆண்டுகள் ஏலம் போட்டு விற்றார்கள். கெட்டுப்போனது தீவனத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் போயிற்று. மொத்த நட்டம் 50,000 கோடி பாட்டுக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். யிங்லக் தீர்ப்பு நாளான 2017 ஆகஸ்ட் 25 அன்று நீதிமன்றத்துக்கு வரவில்லை, நாட்டை விட்டு வெளியேறியிருந்தார். கடமை தவறியதற்காக அவருக்கு ஐந்தாண்டுச் சிறை என்று அடுத்த மாதம் தீர்ப்பு வந்தது. 2025 மே மாதம் உச்ச நிர்வாக நீதிமன்றம் அவர் சுமார் 1,000 கோடி பாட் இழப்பீடு கட்ட வேண்டும் என்றது. அந்தத் தொகை போலி ஏற்றுமதி ஒப்பந்தங்களால் வந்த இழப்பைச் சார்ந்தது. உயர்ந்த விலை கொடுத்து வாங்கிய கொள்கைக்கான தண்டனை அதில் இல்லை. அது சரிதான் என்பேன். கொள்கையின் தவறுகளை வாக்குச்சாவடியிலும் ஆய்வுகளிலும்தான் எடைபோட வேண்டும்.

உதவியின் வடிவம் மாறியது. 2014 அக்டோபரில் ராணுவ அரசு ராய்க்கு 1,000 பாட், அதிகபட்சம் 15 ராய் என்று நேரடியாகக் கொடுத்தது. மேலே சொன்ன இசான் குடும்பத்துக்கு இதில் கிடைப்பது 15,000 பாட். அடமானத் திட்டம் கொடுத்திருக்கும் என்று நாம் கணக்கிட்ட அதே தொகை, கிடங்கு இல்லாமல், சீட்டு இல்லாமல். 2019இல் விலை வித்தியாசத்தைத் தரும் முறை திரும்ப வந்தபோது வெள்ளை நெல்லுக்குக் குடும்பத்துக்கு 30 டன், ஹோம் மாலிக்கு 14 டன் என்று உச்சவரம்பும் கூடவே வந்தது. இவற்றாலும் விளைச்சல் உயரவில்லை, உழவரின் கடனும் தீரவில்லை.

2024 மே மாதம் சுரின் மாகாணத்தின் கிடங்குகளில் அடமானக் காலத்து அரிசி சுமார் 15,000 டன் மிச்சமிருந்தது. வணிக அமைச்சர் பும்தம் வெச்சயாசாய் அங்கே போய், பத்தாண்டு கடந்த அந்த அரிசியைச் சமைக்கச் செய்து, செய்தியாளர்களின் முன்னிலையில் சாப்பிட்டுக் காட்டினார். பலமுறை கழுவித்தான் சமைத்தார்கள். அடுத்த மாதம் அது ஏலத்துக்கு வந்தது.